லொரெட்டா தேர்ந்தெடுத்த கால்

பிட்டர்ஃபோர்க்கில் லொரெட்டா ஸ்டாட்லர் என்று பெயர் சொல்லி விசாரித்தால் ஒன்றிரண்டு பேர் யோசிப்பார்கள். "பெட்டி மேல படம் போட்டிருக்கே, அந்தப் பொம்பளை" என்றால் பெட்ரோல் பங்க்கில் நிற்பவர்கூட வழி சொல்லிவிடுவார். அவளுடைய மாமனார் ஓரின் ஸ்டாட்லர் தன் பட்டறையில் பைபாட் செய்து நாடு முழுக்க விற்றார். துப்பாக்கியின் முன்பக்கத்தைத் தரையிலிருந்து தாங்கி நிற்கிற இரண்டு கால்கள், அவ்வளவுதான் சாமான். ஒவ்வொரு பெட்டியின் மேலும் லொரெட்டாதான் இருந்தாள். புல்லில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் சாய்த்து, தொலைநோக்கிக்குள் பார்த்தபடி.

வயோமிங்கின் அந்தப் பக்கத்தில் தொலைதூரக் குறிப் போட்டிக்குப் போகிறவர்கள் பைபாடைக் 'கால்' என்றே சொல்வார்கள். "உன் கால் யார் செஞ்சது?" என்று கேட்டால் யாரும் முறைப்பதில்லை. லொரெட்டாவிடம் மட்டும் அதை யாரும் கேட்டதே இல்லை. கேட்க என்ன இருக்கிறது?

கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்குக் கால் என்று ஒன்று கிடையாது. அம்மா சாலையோர விடுதியில் துணி வெளுத்தாள். அப்பா எண்ணெய்க் கிணற்று வேலைக்கு வடக்கே போனவர் அப்படியே போய்விட்டார். மேய்ச்சல் நிலத்தைப் பொந்து பொந்தாகத் தோண்டிப் போடும் தரை அணில்களைச் சுட மாட்டுப் பண்ணைக்காரர்கள் ஆள் தேடுவார்கள். பக்கத்து வீட்டுக் கிழட்டுத் துப்பாக்கியை இரவல் வாங்கிக்கொண்டு லொரெட்டா போவாள். ஜீன்ஸ் சட்டையைச் சுருட்டி அதன்மேல் துப்பாக்கியை வைப்பாள். புல் எப்படிச் சாய்கிறதென்று பார்த்துக் காற்றைக் கணக்குப் போடுவாள். அந்த மாதிரியே ஒரு கோடையில் மாவட்டப் போட்டிக்குப் போய், பளபளக்கும் சாமான்களோடு வந்திருந்த ஆண்களையெல்லாம் பின்னால் தள்ளினாள். தள்ளப்பட்டவர்களில் ஓரினின் மகன் வேடும் ஒருத்தன். அவனுக்கு வெட்கமே வரவில்லை, சிரித்துக்கொண்டே வந்து அவளுக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுத்தான். அடுத்த வசந்தத்தில் கல்யாணம்.

வேடைவிட ஓரினுக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. மாதா கோவில் வாசலிலேயே அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"என்னை ஓரின் கீரின்னு கூப்பிடக் கூடாது. அப்பான்னு கூப்பிடு. உனக்குத்தான் அப்பா இல்லையே, இனிமே நான் இருக்கேன்."

லொரெட்டா அன்றைக்கு அழுதாள். ஓரின் தன் வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் அவர்களுக்கென்று ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். நிலமும் அவருடையது, வீடும் அவருடையது. சமையலறை எந்தப் பக்கம், சுவருக்கு என்ன வண்ணம், எல்லாம் அவரே பார்த்துப் பார்த்துச் செய்தார். பட்டறையில் அவளுக்குத் தொலைபேசி வேலை கொடுத்தார். துப்பாக்கியில் மாட்ட ஸ்டாட்லர் கால் கொடுத்தார். படம் எடுக்க ஆள் கூட்டி வந்தார். ஒன்றுக்குக்கூட அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். கேட்காமல் கொடுக்கிற மனுஷனிடம் என்னவென்று குறை சொல்வது?

ஸ்டாட்லர் கால் பார்க்க அழகு. மெலிந்து, கறுத்து, மானின் காலைப்போல இருக்கும். ஓரின் தன் பட்டறைக்குப் பின்னால் சிமென்ட் தளத்தில் போட்ட மேசைமேல் வைத்துத்தான் எதையும் சோதிப்பார். அங்கே அது மலைபோல நிற்கும். முழங்கால் போனதிலிருந்து அவர் தரையில் படுத்துச் சுட்டதே கிடையாது. ஆனால் போட்டி நடப்பது மண்ணிலும் கல்லிலும் சரிவிலும். படுத்துக்கொண்டு, தோளால் துப்பாக்கியை முன்னால் அழுத்தி, கால்கள் இரண்டும் விறைக்கும்படி செய்தால்தான் சுட்டதும் துப்பாக்கி நேராகப் பின்னால் வரும். குண்டு எங்கே விழுந்ததென்று தொலைநோக்கியிலேயே தெரியும். ஸ்டாட்லர் கால் அப்படி அழுத்தினால் மூட்டில் லேசாக ஆடும். சுட்டதும் துப்பாக்கி இடப்பக்கம் துள்ளும். துள்ளி இறங்குவதற்குள் அங்கே தூசி அடங்கிப் போயிருக்கும். குண்டு எங்கே போனதென்று தெரியாமல் அடுத்ததை எப்படித் திருத்துவது? லொரெட்டா பல வருஷம் அந்தத் துள்ளலோடுதான் சுட்டாள். மூன்றாவது வருவாள், நான்காவது வருவாள். "பெட்டிக்காரி நல்லாத்தான் சுடுறா, முதல்ல வரத்தான் மாட்டேங்கிறா" என்று பேசிக்கொண்டார்கள்.

துள்ளுகிறதென்று வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். எடுப்பவள் அவள்தானே. என்ன சொல்லவேண்டுமென்று ஓரின் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்.

"தோளை இன்னும் கொஞ்சம் நேரா வச்சுப் பாருங்க சார். பழகப் பழகச் சரியாயிடும்."

அவள் குரல் இதமானது. பெட்டியில் இருப்பவளே பேசுகிறாள் என்றதும் ஆட்கள் அடங்கிப் போவார்கள். தொலைபேசியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

காலின் எடையை இன்னும் குறைக்கவேண்டுமென்று ஓரின் மூட்டைப் பிடித்து நிற்கும் 'பின்' என்ற இரும்பு ஊசியை மெலிதாக்கினார். அடுத்த வருஷத்துக் கோடையில்தான் அது நடந்தது.

மாநிலப் போட்டி அந்த முறை மூன்று பக்கமும் பாறை நின்ற ஒரு பள்ளத்தாக்கில். சுடுகிறவர்கள் ஒரு சரிவில் படுத்து, எதிர்ப்பக்கம் வெவ்வேறு தூரத்தில் தொங்கும் இரும்புத் தகடுகளை அடிக்கவேண்டும். லொரெட்டா படுத்தாள். கால்களை விரித்தாள். அவை மடங்காதபடி பூட்டு விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள், மறுபடியும் ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். முதல் தகடு டங்கென்றது. அடுத்ததும். தூரத்துத் தகட்டுக்குத் தோளை அழுத்தி, மூச்சை விட்டு, விசையை இழுக்கிற அதே நொடியில் இடது கால் மடங்கியது. துப்பாக்கி மூக்கு குத்தி விழுந்தது. குண்டு அவளுக்கு எதிரே எட்டுகிற தூரத்தில் மண்ணில் புதைந்து, முகமெல்லாம் புழுதி அடித்தது.

"நிறுத்து! எல்லாரும் நிறுத்து!" என்று களப் பொறுப்பாளர் கத்தினார். "கையை எடுங்க, லொரெட்டா. துப்பாக்கியைக் காலி பண்ணுங்க."

அத்தனை பக்கத்தில் குண்டு விழுந்தால் அன்றைய போட்டியிலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்கள். அவளே பொறுப்பாளராக நின்ற நாட்களில் மற்றவர்களை அனுப்பியிருக்கிறாள். முகத்துப் புழுதியைத் துடைக்காமலே எழுந்து நின்றாள். மடக்கு நாற்காலியிலிருந்து ஓரின் மெதுவாக எழுந்து வந்தார். அவள் தோளில் கை வைத்தார்.

"பூட்டாம விட்டுட்டா, வேற ஒண்ணுமில்ல" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "பரவால்ல மகளே. யாருக்கும் நடக்கிறதுதான்."

அந்தக் கை கனமாகவும் அன்பாகவும் இருந்தது. எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஆமா" என்றாள் லொரெட்டா. "பூட்ட மறந்துட்டேன்."

வண்டிகள் நிற்கும் இடத்தில் நதீன் அவளை மறித்துக்கொண்டாள். நதீன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். குரலைத் தாழ்த்தத் தெரியாதவள், அன்றைக்குத் தாழ்த்தினாள்.

"அடியே, நான் உன் பின்னாடி தொலைநோக்கி வச்சு உக்காந்திருந்தேன். நீ இழுத்துப் பாத்த. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை இழுத்துப் பாத்த."

"விடு நதீன்."

"என்னத்த விடுறது? மூஞ்சியில மண்ணோட நின்னுக்கிட்டு விடுங்கிற!"

"அவர் நின்னுக்கிட்டிருக்கார். விடு."

திரும்பும்போது வேட் வண்டி ஓட்டினான். அவன் பக்கத்தில் ஓரின், பின்னிருக்கையில் லொரெட்டா, அவள் மடிமேல் துப்பாக்கி உறை. ஓரின் வழியெல்லாம் மேய்ச்சல் நிலத்தைப் பற்றியும், மழை பொய்த்ததைப் பற்றியும், யாருடைய வேலி சரிந்து கிடக்கிறது என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். வேடின் காதுமடல் சிவந்திருந்ததை அவள் பின்னாலிருந்து பார்த்தாள். அந்தப் பக்கத்து வண்டிகளில் பின்கதவு முன்கதவைத் திறந்தால்தான் திறக்கும். முன்னால் இருப்பவர்கள் இறங்கும்வரை அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

சாப்பாட்டு மேசையில் வேட் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அந்த மூட்டுப் பின்தான். மெலிசாக்கினதிலிருந்தே தாங்கல."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சொல்ல வேண்டியதுதானே உங்கப்பாகிட்ட?"

"சொன்னேன். என் பட்டறையில நீ எனக்கு வேலை கத்துத் தர்றியான்னார்." முட்கரண்டியை வைத்தான். "நீ மட்டும் இன்னைக்குச் சொன்னியா?"

அவளுக்குக் கோபம் அவன்மேல் வந்தது, அப்புறம் தன்மேல் வந்தது, அப்புறம் போக இடமில்லாமல் அப்படியே நின்றுபோனது. ஜன்னலுக்கு வெளியே பட்டறைக் கதவும் அதற்கு அந்தப் பக்கம் ஓரினின் சமையலறை விளக்கும் தெரிந்தன. அவர்களைப் போலவே அவரும் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருப்பார்.

சில வாரங்கள் கழித்து நெப்ராஸ்காவிலிருந்து ஒரு மனிதர் கூப்பிட்டார். குரல் தயங்கித் தயங்கி வந்தது. சுடும்போது கால் மடங்கிவிட்டது, குண்டு தரையில் போனது, பக்கத்திலேயே அவர் மகள் படுத்து, குண்டு விழும் இடத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"பூட்டினேன்னுதான் நினைக்கிறேன்மா. ஆனா அன்னையிலிருந்து எனக்கே சந்தேகமாப் போச்சு. ராத்திரி தூக்கம் இல்ல. நான்தான் மறந்துட்டேனா? பெட்டியில இருக்கிறவங்கதானே நீங்க? நீங்க சொல்லுங்க, நான் நம்புறேன்."

தோளை நேராக வையுங்கள் என்ற வாக்கியம் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"நீங்க பூட்டித்தான் இருந்தீங்க" என்றாள். "உங்க மேல தப்பே இல்ல. அந்தக் காலைக் கழட்டி வச்சிடுங்க. இனிமே அதை மாட்டாதீங்க. எனக்கும் அப்படித்தான் மடங்குச்சு."

அந்தப் பக்கம் அந்த மனிதர் நீளமாக மூச்சு விட்டார். இந்தப் பக்கம், கதவருகே, கையில் காப்பிக் கோப்பையோடு ஓரின் நின்றுகொண்டிருந்தார்.

அவர் கத்தவில்லை. வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன சொன்ன அவன்கிட்ட?"

"உள்ளதைச் சொன்னேன். அன்னைக்கு நான் பூட்டித்தான் வச்சிருந்தேன், அப்பா."

"மறந்துட்டேன்னு சொன்னது யாரு? எல்லார் முன்னாடியும் உன் வாயால சொன்னியே."

"சொன்னேன்."

"அப்ப, அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

லொரெட்டாவுக்குத் தானே பூட்டிய கதவுக்குள் தானே நிற்பதைப்போல இருந்தது. "நீங்க ஒரு தடவை தரையில படுத்துச் சுட்டுப் பாருங்க" என்றாள் கடைசியில். "ஒரே ஒரு தடவை."

ஓரின் தன் முழங்காலைப் பார்த்தார். முகம் இறுகியது. "நீ களைச்சுப் போயிருக்க மகளே" என்றார். "கொஞ்ச நாள் வீட்ல இரு."

மறுநாள் தொலைபேசிக்கு முன்னால் லொரெட்டாவின் நாற்காலியில் ஓரினுடைய தங்கை மருமகள் உட்கார்ந்தாள். லொரெட்டா வீட்டில் இருந்தாள். பட்டறை இயந்திரங்களின் இரைச்சல் பகலெல்லாம் சுவர் வழியாக வரும். சின்ன ஊர், எங்கே வேலை கேட்டாலும் "ஏன், ஓரின்கிட்ட என்ன ஆச்சு?" என்ற கேள்வி வேலைக்கு முன்னால் வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மட்டும் நிற்கவில்லை. ஓரின் வீட்டு மேசையில் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் ஆவி பறக்கும். எல்லோரும் கைகோத்துக்கொள்ள, ஓரின் கண்மூடி ஜெபிப்பார். அதில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது: "ஆண்டவரே, எங்க லொரெட்டாவுக்கு மன அமைதியைக் கொடும்." அந்த நேரத்தில் அவள் ஒரு கை அவர் கைக்குள் இருக்கும். ஆமென் சொல்லும்வரை எடுக்க முடியாது.

இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை, வாசலில் நதீனின் லாரி வந்து நின்று ஹார்ன் அடித்தது.

"துப்பாக்கியை எடுத்துக்கிட்டு ஏறு."

"எதுக்கு?"

"கேள்வி கேட்டா இன்னும் சத்தமா அடிப்பேன். மாமனார் வெளியே வந்து பாக்கட்டும்."

நதீனின் மேய்ச்சல் நிலத்து ஓரத்தில் லாரியின் பின்பலகையை இறக்கி, அதன்மேல் ஒரு பழைய போர்வை விரித்து, கால்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். தன்னுடையது, தம்பியுடையது, கடன் வாங்கியது, ஏலத்தில் எடுத்தது.

"இவ்வளவு எதுக்குடி உனக்கு?"

"என் வீட்டுக்காரன் நாய் வளர்க்கிறான். நான் கால் வளர்க்கிறேன். எடு, உனக்கு எது வேணும்?"

லொரெட்டா போர்வையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எது வேண்டும் என்ற கேள்விக்கு அவளிடம் பழக்கம் இல்லை. "நீயே சொல்லேன்" என்றாள்.

"நான் ஏன் சொல்லணும்? போதும், உனக்கு எல்லாரும் சொன்னது."

முதலில் எடுத்தது எடையே இல்லாதது. அதை உடனே கீழே வைத்துவிட்டாள். இரண்டாவது உயரம், படுத்தால் கழுத்து வலித்தது, துப்பாக்கி கொக்கைப்போல நின்றது. மூன்றாவதில் கால்நீளம் மாற்றும் பொத்தான் அவ்வளவு சின்னது, குளிருக்குக் கையுறை போட்டால் விரலுக்கே அகப்படாது. இன்னொன்று கெட்டிதான், ஆனால் சரிவான இடத்தில் துப்பாக்கியை நிமிர்த்திப் பிடிக்க அதில் வழியில்லை. மண்ணில் வைத்தாள், கல்லில் வைத்தாள், சரிவுக்கு எடுத்துப் போய்க் குறுக்காகப் படுத்தாள். தோளால் முழு பலத்தோடு தள்ளினாள். ஒவ்வொரு முறை தள்ளும்போதும் இடது காலின் மூட்டைக் கண் தானாகவே தேடியது. நதீன் லாரியில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துத் துப்பிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் அப்படி இருந்து லொரெட்டா பார்த்ததே இல்லை.

கடைசியில் கையில் நின்றது அங்கே இருந்ததிலேயே அழகில்லாத ஒன்று. வண்ணம் உரிந்தது, கனமானது. கால்கள் அகலமாக, மாடு நிற்பதைப்போலப் பரந்து நின்றன. துப்பாக்கி அவற்றுக்கு நடுவில் தாழ்ந்து, தொங்குவதைப்போல உட்கார்ந்தது. துப்பாக்கியின் அடியில் ஓடும் பட்டையில் காலை முன்னும் பின்னும் தள்ளி எங்கே வேண்டுமோ அங்கே இறுக்கிக்கொள்ளலாம். பாறைமேல் வைத்து, அழுத்தி, தொலைவில் நதீன் தொங்கவிட்டிருந்த தகட்டைப் பார்த்துச் சுட்டாள். துப்பாக்கி நேராகத் தோளுக்குள் வந்து நின்றது. தகட்டின் வலது ஓரத்தில் ஈயம் தெறித்துச் சாம்பல் பூத்ததை அவள் தொலைநோக்கிக்குள்ளேயே பார்த்தாள். அதற்கப்புறம்தான் சத்தம் வந்து சேர்ந்தது.

"பாத்தியா?" என்றாள் நதீன்.

"பாத்தேன்." அவள் கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்கவில்லை. இத்தனை வருஷமாகத் தன் குண்டு போய் விழுவதைத் தானே பார்த்ததில்லை. "இதுதான் வேணும்."

"அதுவா? அது என் தம்பியோட சனியன். உங்க வீட்டு எல்க் மான் கறி சாசேஜ் ஒரு பை கொடு, எடுத்துக்க. அவன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

வீட்டில் வேட் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். மூட்டைக் காதருகே வைத்து மடக்கி விரித்தான். ஒரு தொழில்காரனின் பொறாமை முகத்தில் ஓடியது. "நல்லாச் செஞ்சிருக்கான்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவன் அப்பாவைக் கேட்காமல், பட்டறை இயந்திரத்தில் பழைய தடிமனிலேயே புதுப் பின்கள் வெட்டினான். மெலிந்த பின் போட்ட கால்களையெல்லாம் திருப்பி அனுப்பும்படி வாங்கியவர்களுக்குப் பட்டறையின் பெயரிலேயே தகவல் அனுப்பினான். அதை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், பின்வாசலில் குளிரில் உட்கார்ந்திருந்தான். லொரெட்டா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஓரின் யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. பின்னைப் பற்றிப் பேசவே இல்லை. மகனோடு அந்தக் குளிர்காலம் முழுக்கப் பேசவில்லை. மருமகளோடு அதற்கு மேலும். புதிதாக வந்த பெட்டிகளில் வெறும் எழுத்து மட்டும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நின்றது. அது நின்றதில் தனக்கு இத்தனை வலி இருக்குமென்று லொரெட்டா நினைத்திருக்கவில்லை.

நதீன் சொல்லி, பள்ளிக்கூடச் சமையலறையில் லொரெட்டாவுக்கு ஓர் இடம் கிடைத்தது. வியாழக்கிழமைகளில் மிளகாய்-பீன்ஸ் குழம்பும் லவங்கப்பட்டை ரொட்டிச் சுருளும் செய்வார்கள்; அன்றைக்கு அவள் தலைமுடிவரை லவங்கப்பட்டை மணக்கும். தெற்கே ஒரு பெரிய ஊரில் வேடுக்கு வேலை இருக்கிறதென்று தகவல் வந்தது. இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து அதைப் பற்றி நிறையப் பேசினார்கள். "அப்பா தனியாயிடுவார்" என்றான் வேட். அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. அவள் பார்க்க அந்தப் பனி உருகியது, அடுத்த பனியும் விழுந்தது. அவர்கள் அந்த வீட்டிலேயே இருந்தார்கள்.

நடுவில் வந்த கோடையில் அவள் மாநிலப் போட்டிக்குப் போனாள். பழைய வண்ணம் உரிந்த காலோடு முதல் இடத்துக்கு வந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள்; சிலர் துப்பாக்கியின் அடியைக் குனிந்து பார்த்துவிட்டுப் பிறகு கை தட்டினார்கள். திரும்பி வந்து வண்டியிலிருந்து சாமான் இறக்கும்போது, வேலியைப் பிடித்துக்கொண்டு ஓரின் வந்தார். நெருங்கி நின்று இருமினார்.

"காத்து எப்படி இருந்துச்சு?"

மாதக்கணக்கில் அவர் கேட்ட முதல் கேள்வி அது. "காலைல ஒண்ணுமில்ல" என்றாள் லொரெட்டா. "மத்தியானத்துக்கு மேல தாறுமாறா அடிச்சுது. பள்ளத்துல ஒரு பக்கம், மேட்டுல ஒரு பக்கம்."

"அங்க அப்படித்தான் இருக்கும்" என்றார். பிறகு கையை நீட்டினார். "அதைக் கொடு பாக்கலாம்."

அவள் காலைக் கழற்றிக் கொடுத்தாள். ஓரின் அதை மடக்கினார், விரித்தார். மூட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார், பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை. வெகுநேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கனமா இருக்கு" என்றார்.

"ஆமா அப்பா, கனம்தான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, வலிக்கிற முழங்காலை ஊன்றி ஊன்றி, வேலியோரமாகத் தன் வீட்டைப் பார்த்து நடந்தார். லொரெட்டா மீதிச் சாமானை இறக்கத் திரும்பினாள்.